சேணம் இல்லாத குதிரை

நண்பர்களே, போன வருஷம் எங்க சிவில் டிபார்ட்மெண்ட் பசங்க எல்லாரும் கல்விச் சுற்றுலாவா சென்னைக்குப் போனோம். பஸ் மவுண்ட் ரோட்டைத் தாண்டி கோட்டைப் பக்கம் போகிற வழியில், தீவுத்திடல் கிட்டே, ரோட்டுக்கு நடுவில் ஒரு பெரிய பீடம். அதுக்கு மேலே கறுத்த வெண்கலத்தில் ஒரு குதிரை. குதிரை மேல் தொப்பி போடாத ஒரு வெள்ளைக்காரர், எங்கேயோ தூரமாப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.

டிரைவர் அண்ணன் பஸ்ஸை மெதுவா ஓட்டி, அந்தக் குதிரையை நல்லாப் பார்க்கச் சொன்னார். முதுகில் சேணம் இல்லை, கால் வைக்க அங்கவடியும் இல்லை. செஞ்ச சிற்பி இரண்டையும் மறந்துட்டானாம், சிலை திறந்த அன்னைக்கு ஒரு சின்னப் பையன் அதைச் சுட்டிக் காட்டினானாம், அந்த அவமானம் தாங்காமல் சிற்பி உயிரை விட்டுட்டானாம். பஸ்ஸே ஓன்னு சிரிச்சுது. டிராயிங்கில் டைமென்ஷன் போட மறந்து ரிப்பீட் வாங்குகிற நம்ம கூட்டத்துக்குச் சிரிப்பு வராமல் இருக்குமா?

நான் மட்டும் சிரிக்கவில்லை. பெரிய அறிவாளி என்பதால் அல்ல. அந்தச் சமயம் எங்க வீட்டில் ஒரு வரப்புத் தகராறு ஓடிக்கிட்டிருந்தது. தகரப் பெட்டியில் இருந்து அப்பாரு காலத்துப் பட்டாவை எடுத்து, அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டிருந்த நேரம். பட்டா என்கிற இந்தக் காகிதம் நம்ம பக்கத்துக்கு எப்படி வந்தது என்று தேடிப் படிக்கும்போது ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அதே பெயர்தான் அந்தப் பீடத்துக்கும். சர் தாமஸ் மன்றோ.

குதிரையில் உட்கார்ந்திருக்கிற அந்த மனுஷர் ஏழு வருஷம் நம்ம சேலம் சீமையில் சுற்றினவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதனால்தான் இந்த மலரில் அவரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

வியாபாரி மகன்

மன்றோ பிறந்தது 1761 மே 27-ஆம் தேதி, ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ நகரத்தில். அப்பா அலெக்சாண்டர் மன்றோ, அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு வியாபாரம் செஞ்சவர். பையன் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படிச்சான். சின்ன வயதில் அம்மை வந்து காது கொஞ்சம் மந்தமாகிப் போனது, அது கடைசி வரைக்கும் சரியாகவில்லை. ஆனால் படிப்பில் பைத்தியம். டான் குவிக்ஸோட் கதையை மூலத்திலேயே படிக்கணும் என்பதற்காகத் தானே அகராதியை வைத்துக்கொண்டு ஸ்பானிஷ் மொழியைக் கற்றுக்கொண்டவர்.

அமெரிக்க சுதந்திரப் போர் வந்தது. கடல் வியாபாரம் படுத்தது, அப்பா நொடிச்சுப் போனார். பையன் பிழைப்புத் தேடிக் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து, 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினார். வயசு 18. நம்ம கிளாஸில் பாதிப் பேர் வயசு!

வந்த அதே வருஷம் ஹைதர் அலியோடு சண்டை. காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் கம்பெனிப் படையில் ஒரு பிரிவு ஹைதரிடம் அடியோடு தோற்றது. அதைக் காப்பாற்றப் போக வேண்டிய பெரிய படை பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கியது. அந்தப் படைக்குத் தளபதி ஹெக்டர் மன்றோ. அதில் ஒரு சின்ன ஆளாக நின்றவர் நம்ம தாமஸ் மன்றோ. பெயர் ஒன்று, ஆள் வேறு. கேரளத்தில் கொல்லம் பக்கம் இருக்கிற மன்றோ துருத்து என்ற தீவின் பெயர் இன்னொரு மன்றோவுக்கு, திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக இருந்த ஜான் மன்றோவுக்கு உரியது. மூன்று பேரையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய உண்டு, அதனால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

துரை என்றால் பல்லக்கு, பட்டு மெத்தை என்று நினைச்சுக்கக் கூடாது. சம்பளம் போதாமல், தரையில் படுத்து, ஒரு புத்தகத்தையோ தோட்டாப் பையையோ தலைக்கு வைத்துத் தூங்கினதைத் தங்கைக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். அந்த நிலையிலும் இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றுக்கொண்டார். மொழி படிச்சதுதான் அவர் தலையெழுத்தை மாற்றியது.

நம்ம சீமையில் 7 வருஷம்

1792-ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி ராஜ்யத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார். அதில் பாராமகாலும் சேலமும் கம்பெனிக்கு வந்தன. இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும், திருப்பத்தூர் பக்கமும் கிட்டத்தட்ட அந்தச் சீமையில் அடங்கும். 1965 வரைக்கும் தர்மபுரி நம்ம சேலம் மாவட்டம்தானே? நாமக்கல் தனி மாவட்டமானதும் 1997-ல்தான்.

இவ்வளவு பெரிய சீமையில் வரி வசூலிக்க யாரை அனுப்புவது? சிவில் அதிகாரிகளில் உள்ளூர் மொழி தெரிந்தவர்கள் அபூர்வம். கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸ், மொழி தெரிந்த பட்டாளத்துக்காரர்களையே அனுப்பினார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைவர். அவருக்குக் கீழே மூன்று உதவியாளர்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரஹாம், சேலம் நாமக்கல் பக்கம் மெக்ளியாட், நடுவில் தர்மபுரிப் பக்கம் மன்றோ.

அப்போது வரி எப்படி வசூலாயிற்று என்று தெரிஞ்சால்தான் இவங்க செஞ்சது என்ன என்று புரியும். ஒரு ஊருக்கு மொத்தமாக இவ்வளவு என்று குத்தகை பேசுவார்கள். மேலே குத்தகைக்காரர், அவருக்குக் கீழே ஊர் மணியக்காரர், அவருக்குக் கீழே உழுகிறவன். மேலே உள்ளவர் எவ்வளவு கட்டினார், கீழே எவ்வளவு பிடுங்கினார், யாருக்குத் தெரியும்? கணக்குப்பிள்ளை ஓலையில் என்ன எழுதினாரோ அதுதான் கணக்கு.

ரீடும் மன்றோவும் ஊர் ஊராகப் போனார்கள். நிலத்தை வயல் வயலாக அளந்து, மண்ணைப் பார்த்து, நஞ்சை, புஞ்சை, தோட்டம் என்று தரம் பிரிச்சு, ஒவ்வொரு வயலுக்கும் இவ்வளவு தீர்வை என்று பணமாகப் போட்டார்கள். அதை உழவன் கையிலேயே எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம்தான் பட்டா. நடுவில் குத்தகைக்காரர் கிடையாது. சர்க்காருக்கும் குடியானவனுக்கும் நேரடிக் கணக்கு. ரயத் என்றால் குடியானவன், அதனால் இதற்கு ரயத்துவாரி முறை என்று பெயர். எந்த வயல் வேண்டாமோ அதை வருஷ ஆரம்பத்தில் விட்டுவிடலாம், தரிசு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். வருஷா வருஷம் கணக்குப் பார்க்கிற ஜமாபந்தி இன்னைக்கும் தாலுகா ஆபீசில் நடக்கிறதே, அதுக்கும் இந்த முறைக்கும் உறவு உண்டு.

யோசனையைத் தொடங்கி வைத்தவர் ரீட். இதை மறைக்கக் கூடாது. ஆனால் அதைக் கைவிடாமல் 30 வருஷம் சுமந்து மாகாணம் முழுக்கக் கொண்டு போனவர் மன்றோ. டிசைன் ஒருத்தர் போட்டு, கட்டடத்தை இன்னொருத்தர் எழுப்பின மாதிரி.

தர்மபுரியில் அவர் ஒரு தோட்டம் போட்டிருந்தார். 1799-ல் திப்பு விழுந்ததும் கன்னடக் கடற்கரைக்கு மாற்றல் வந்தபோது, அந்தத் தோட்டத்தை விட்டுப் போக மனசு வராமல் போனார் என்று அவருடைய கடிதங்களில் இருந்து தெரிகிறது. வயசு அப்போது 38. கல்யாணம் ஆகாதவர். இளமையை நம்ம வெயிலில் கரைச்சவர் என்று சொன்னால் மிகை இல்லை.

நாலு குமாஸ்தாக்கள்

இந்தப் பகுதியை சர்வே படிக்கிற நம்ம பசங்க கட்டாயம் படிக்கணும்.

கன்னடச் சீமையில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, 1800-ல் பெல்லாரி, கடப்பா, அனந்தபூர், கர்னூல் பக்கத்துக்குக் கலெக்டராகப் போனார் மன்றோ. நிஜாம் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த சீமை அது. சுமார் 80 பாளையக்காரர்கள், ஊருக்கு ஊர் கோட்டை, எப்பவும் சண்டை. அங்கே நிலம் அளக்கணும் என்று 1802-ல் ஆரம்பித்தபோது சங்கிலி பிடித்து நிலம் அளந்ததைக் கண்ணால் பார்த்தவர்களே அந்தச் சீமையில் நாலு பேர்தான். அந்த நாலு பேரும் பாராமகாலில் இருந்து போன குமாஸ்தாக்கள்!

அந்த நாலு பேர் உள்ளூர்க் கணக்கர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கொஞ்ச வருஷத்தில் நூறு சர்வேயர்கள் ஆனார்கள். முழுச் சீமையும் வயல் வயலாக அளந்து முடிந்தது. ஒரு காலேஜும் கிடையாது, டிப்ளமாவும் கிடையாது. நம்ம பக்கத்து நாலு பேருக்குத் தெரிந்த ஒரு தொழில்தான் இத்தனையும் செஞ்சது. அந்த நாலு பேர் பெயர் எந்தப் பீடத்திலும் இல்லை என்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

அளந்த சங்கிலி 33 அடி. இதில் ஒரு அழகு இருக்கு பாருங்க. 33 அடிக்கு 33 அடி சதுரம் என்றால் 1,089 சதுர அடி. அதை 40-ஆல் பெருக்கினால் 43,560. அதுதான் ஒரு ஏக்கர்! நம்ம லேபில் தொங்குகிற குண்டர் செயின் 66 அடி, 100 லிங்க், அதில் சரி பாதி இது. பின்னம் வராமல் ஒரு கணக்கன் மனசுக்குள்ளேயே போடக்கூடிய கணக்கு. யூனிட் கன்வர்ஷன் வரும்போதெல்லாம் தலையைப் பிய்த்துக்கொள்கிற நான், அந்த ஆளுங்களுக்கு மானசீகமாக ஒரு கும்பிடு போட்டேன்.

ஏழு வருஷம் மன்றோ வீட்டில் இருந்ததை விடக் கூடாரத்தில் இருந்ததுதான் அதிகம். ஊருக்கு வெளியே கூடாரம் அடிச்சு, யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்று உட்கார்ந்தார். அந்தச் சீமை மக்கள் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள். மந்திராலயத்தில் ராகவேந்திர சுவாமி பிருந்தாவனத்தில் இருந்து இவரோடு பேசினதாக ஒரு கதை, திருப்பதிப் பொங்கல் பிரசாதத்தால் வயிற்று வலி தீர்ந்ததாக ஒரு கதை. இதெல்லாம் நம்பிக்கை சம்பந்தப்பட்டது, நான் வாதாடப் போவதில்லை. ஆனால் வரி வாங்க வந்த ஒரு அதிகாரியைப் பற்றி ஜனங்கள் இப்படிக் கதை கட்டுவார்களா என்று யோசிச்சுப் பாருங்க. வரி வாங்க வருகிறவனைக் கண்டால் கதவைச் சாத்துவதுதானே உலக வழக்கம்?

ஒதுக்கினார்கள், திரும்பி வந்தார்

இதற்கிடையில் நம்ம சேலத்தில் என்ன நடந்தது? ரீடும் மன்றோவும் வேறு வேலைக்குப் போனதும், வங்காளத்தில் 1793-ல் கொண்டுவந்த ஜமீன் முறையை இங்கேயும் கொண்டுவந்தார்கள். சீமையைத் துண்டு துண்டாகப் பிரித்து மிட்டா என்று பெயர் வைத்து ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் மிட்டாதார். பல மிட்டாதார்கள் பணம் கட்ட முடியாமல் விழுந்தார்கள், மிட்டாக்கள் திரும்ப சர்க்காருக்கே வந்தன. நம்ம பக்கத்து ஊர்ப் பேச்சில் மிட்டா என்ற சொல் இன்னைக்கும் கேட்குது என்றால் காரணம் இதுதான்.

மன்றோ 1807-ல் ஊருக்குப் புறப்படும்போது ஒரு சிபாரிசு எழுதி வைத்தார். அந்தச் சீமையில் போட்ட தீர்வை அதிகம், நாலில் ஒரு பங்கு குறைக்கணும் என்று. தானே போட்ட வரியைத் தானே அதிகம் என்று எழுதுவது சாதாரண விஷயமா? மேலிடம் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

1813-ல் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்க வந்தபோது பார்லிமெண்ட் அவரைக் கூப்பிட்டு விசாரிச்சது. இந்திய விவசாயம், நெசவு, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், விருந்தோம்பல், பெண்களுக்குக் கொடுக்கிற மரியாதை என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, நாகரிகம் என்பதே ஒரு சரக்காக இருந்து இரண்டு நாடுகளும் அதை வியாபாரம் செஞ்சால், இங்கிருந்து இறக்குமதி செய்வதில் இங்கிலாந்துக்குத்தான் லாபம் என்கிற அர்த்தத்தில் அங்கே நின்று பேசினார். லண்டன் கனவான்கள் முகம் எப்படி இருந்திருக்கும்!

1814-ல் ஜேன் காம்ப்பெல் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அதே வருஷம் சென்னைக்குத் திரும்பினார். 1817, 1818-ல் மராட்டியப் போர். கையில் இருந்த சின்னப் படையோடு, ஊர் மக்களையே சேவகர்களாகத் திரட்டி, தென் மராட்டியக் கோட்டைகளை ஒன்றொன்றாகப் பிடித்தார். பிறகு 1820-ல் சென்னை மாகாணத்துக்கே கவர்னர். 40 வருஷத்துக்கு முன்னால் தரையில் படுத்துத் தூங்கின பையன்!

கவர்னர் ஆனதும் அந்தப் பழைய தீர்வைக் குறைப்பை உத்தரவாக்கினார். மாகாணத்தில் பெரும்பகுதிக்கு ரயத்துவாரி முறை வந்தது. 1822-ல் ஊர்தோறும் எத்தனை பள்ளிக்கூடம் என்று கணக்கு எடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று வந்தது. மாகாணத்தின் ஜனத்தொகை அப்போது ஒரு கோடியே 28 லட்சத்துக்கு மேல். ஏறக்குறைய 1,000 பேருக்கு ஒரு பள்ளிக்கூடம். இது போதாது என்று 1826-ல் ஜில்லாவுக்கும் தாலுகாவுக்கும் பள்ளிகள், வாத்தியார்களைப் பயிற்றுவிக்கச் சென்னையில் ஒரு பள்ளி என்று திட்டம் போட்டார். அவர் போன பிறகு அது தளர்ந்து போனது.

இந்தியர்களைப் பெரிய உத்தியோகங்களில் வைக்கணும், ஒரு நாள் அவர்களே ஆண்டுகொள்ளட்டும் என்று 1824-லேயே குறிப்பு எழுதியிருக்கிறார். சிப்பாய்க் கலகத்துக்கே இன்னும் 33 வருஷம் இருந்தது!

பத்திகொண்டாவில்

1826-ல் உடம்பு சரியில்லாத சின்ன மகனைக் கூட்டிக்கொண்டு மனைவி இங்கிலாந்து போனார். மன்றோ வேலையை விட்டுவிட்டுப் போக விரும்பி எழுதினார். மாற்று ஆள் வரத் தாமதம். அதற்குள் பழைய கடப்பை, பெல்லாரிச் சீமை ஜனங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று 1827 மே மாசக் கடைசியில் புறப்பட்டார். வழியெல்லாம் காலரா. ஜூலை 6-ஆம் தேதி பத்திகொண்டா என்ற ஊர்க் கூடாரத்தில் அவருக்கும் காலரா கண்டது. அன்னைக்கே முடிந்தது. வயசு 66. குத்தி என்ற கோட்டை ஊரில் புதைத்தார்கள். 1831-ல் எடுத்து வந்து சென்னைக் கோட்டையில் இருக்கிற செயிண்ட் மேரீஸ் சர்ச்சில் வைத்தார்கள்.

கடப்பைப் பக்கம் பாபாக்னி ஆறு மலையைப் பிளந்து வருகிற கண்டி என்ற இடத்தில், இரண்டு மலைக்கும் குறுக்கே ஒரு தங்கத் தோரணம் மன்றோ கண்ணுக்கு மட்டும் தெரிந்தது, சாவு நெருங்கினவருக்குத்தான் அது தெரியும் என்று ஒரு கதை அங்கே உண்டு. நல்ல சாவு, நல்ல மனுஷனுக்கு என்று ஜனங்கள் சொல்லிக்கிற விதம் அது.

மறுபக்கமும் சொல்லணும்

இத்தனையும் எழுதினதால் அவரைச் சாமியாக்கிவிட்டேன் என்று நினைக்காதீங்க. அவர் வந்தது கம்பெனிக்கு வரி சேர்க்கத்தான். ரயத்துவாரியில் நடுவில் இருந்த குத்தகைக்காரர் போனார், ஆனால் அந்த இடத்தில் சர்க்காரே வந்து உட்கார்ந்தது. மழை பொய்த்தாலும் கிஸ்தி பணமாகக் கட்டணும். கட்ட முடியாதவனைக் கிட்டி போட்டு விரலை நசுக்கினதும், குனிய வைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தினதும் 1855-ல் வந்த சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கையிலேயே இருக்கிறது. அது மன்றோ போய் 28 வருஷத்துக்குப் பிறகு, என்றாலும் அவர் கட்டின முறைக்குள்ளேதான் நடந்தது. 1876 முதல் 1878 வரைக்கும் வந்த பெரும் பஞ்சத்தில் நம்ம சேலம் ஜில்லா பட்ட பாடு கொஞ்ச நஞ்சமல்ல.

இன்னொன்று. பட்டா யார் பெயரில் எழுதினார்கள்? நிலம் வைத்திருந்தவன் பெயரில். சேற்றில் இறங்கி உழுத பண்ணையாள் பெயரில் இல்லை. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

ஆனாலும் ஒரு விஷயம். சுதந்திரம் வந்ததும் நம்ம மாகாணம் 1948-ல் ஜமீன்களை ஒழிச்சு ஒரு சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ஜமீன்களை ரயத்துவாரியாக மாற்றுவது என்று இருக்கிறது. வெள்ளைக்காரனை அனுப்பின பிறகும் அவன் நாட்டின முறைகளில் இது ஒன்றை நாமே எடுத்து வைத்துக்கொண்டோம்.

சிற்பி மறந்தாரா?

சரி, குதிரைக்கு வருவோம். மன்றோ இறந்ததும் சென்னையில் பொதுமக்களிடம் பணம் திரட்டி, லண்டனில் அன்றைக்குப் பேர்பெற்ற சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரியிடம் வேலையைக் கொடுத்தார்கள். வெண்கலத்தில் வார்த்து, கப்பலில் வந்து, 1839-ல் தீவுத்திடலில் நின்றது.

சாண்ட்ரி குதிரை வீரர் சிலை செஞ்சது மொத்தம் மூன்று. ஒன்று நம்ம மன்றோ. இரண்டாவது, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கிற நாலாம் ஜார்ஜ் ராஜா. நெல்சன் தூணுக்குக் கீழே நாலு வெண்கலச் சிங்கங்கள் படுத்திருக்குமே, 1867-ல் வைத்தது, உலகம் பூராவும் போட்டோ எடுக்கிற சிங்கங்கள், அதே சதுக்கம்தான். மூன்றாவது, அதே லண்டனில் ராயல் எக்ஸ்சேஞ்ச் முன்னால் நிற்கிற வெலிங்டன் பிரபு, 1844-ல் திறந்தது. நாலாம் ஜார்ஜ் குதிரைக்கும் சேணம் இல்லை, அங்கவடி இல்லை. வெலிங்டன் குதிரைக்கும் இல்லை!

ஒரு தடவை மறக்கலாம். மூன்று தடவையும் அதே இரண்டையும் மறப்பானா ஒரு சிற்பி? பழைய ரோமாபுரிச் சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸ் சிலையைப் பாருங்க, அதிலும் அங்கவடி கிடையாது. அந்தப் பழைய கம்பீரத்தை விரும்பி வேணும்னே விட்டது என்பதுதான் என் முடிவு. அவமானத்தில் உயிரை விட்டார் என்பதும் வெறும் கட்டுக்கதை. சாண்ட்ரி 1841-ல் இருதய நோயால் இறந்தார். நிறையப் பேரும் சொத்துமாக வாழ்ந்தவர், அந்தச் சொத்து கலை வளர்க்க ராயல் அகாடமிக்குப் போக உயில் எழுதி வைத்தவர். தச்சு வேலையும் கொஞ்சம் விவசாயமும் பார்த்த ஒரு தகப்பனுக்குப் பிறந்த பையன் அவர். நம்ம மாதிரி வீட்டுப் பிள்ளை.

மவுண்ட் ரோட்டில் இருந்த நீல் சிலையை ஜனங்கள் போராடி 1937-ல் எடுக்க வைத்தார்கள். இன்னும் பல வெள்ளைக்காரர் சிலைகள் மியூசியத்துக்குள் போய்விட்டன. மன்றோ குதிரை மட்டும் நடு ரோட்டில் அப்படியே நிற்கிறது. அதே மவுண்ட் ரோட்டில் ஜெமினி மேம்பாலத்துக்கிட்டே இன்னொரு குதிரைச் சிலை இருக்கிறது, திமிறுகிற குதிரையை ஒரு ஆள் இழுத்துப் பிடிக்கிற மாதிரி. குதிரைப் பந்தயத்தை நிறுத்தினதன் நினைவு அது. ஒரே ரோட்டில் ஒரு குதிரை அடங்கி நிற்கிறது, இன்னொன்று அடங்க மறுக்கிறது!

எங்க வரப்பு

கடைசியில் எங்க வீட்டுக் கதையையும் முடிச்சிடுகிறேன்.

எங்களுக்கு ராசிபுரம் பக்கம் கொஞ்சம் கிணற்றுத் தோட்டம். குச்சிக்கிழங்கும் நிலக்கடலையும்தான் பயிர். பக்கத்துத் தோட்டம் எங்க சித்தப்பாவுடையது. நடு வரப்பில் இருந்த கல் எந்தக் காலத்திலோ காணாமல் போச்சு. அவர் வரப்பைத் தள்ளிட்டார் என்று அப்பா சொல்ல, எங்க அப்பாதான் தள்ளினார் என்று சித்தப்பா சொல்ல, மூணு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. என் தங்கச்சி சீருக்குக் கூட சித்தப்பா வீட்டில் யாரும் வரவில்லை. சித்தி மட்டும் இருட்டினப்புறம் பின்பக்கமா வந்து, பிள்ளைக்கு நெத்தியில் பொட்டு வைத்துவிட்டுப் போச்சு.

சுற்றுலா முடிந்து வந்ததும் எனக்கு ஒரு யோசனை. புலப்படம் வாங்கினேன். மூணு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை செயின், ராங்கிங் ராட், கிராஸ் ஸ்டாஃப் எல்லாம் எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினோம். டோட்டல் ஸ்டேஷன் காலத்தில் எதுக்குடா செயின் என்று பசங்க கேலி செய்தார்கள். அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பனைமரத்தடியில் நின்று முறைச்சுக்கிட்டே பார்த்தார்கள். தன் பக்கம்தான் நியாயம் வரும் என்று அப்பாவுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. எனக்கும்தான்.

முக்கல்லில் இருந்து கோடு பிடித்து ஆஃப்செட் எடுத்தோம். இரண்டு தடவை எடுத்தோம். மூணாவது தடவை நானே போய் டேப் பிடித்தேன். கணக்கு மாறவில்லை. வரப்பு சித்தப்பா பக்கத்தில் 5 அடி உள்ளே போயிருந்தது. தள்ளினது எங்க அப்பா. இல்லை, அப்பாருவோ என்னவோ. எப்படியிருந்தாலும் எங்க பக்கம்தான் தப்பு.

அந்த இடத்தில் நின்றபோது தொண்டை அடைச்சுது நண்பர்களே. செயின் என் கையில். டேப்பில் என்ன வருதோ அதை மூணு பசங்களும் பார்த்துட்டாங்க என்பதால் மட்டும் இல்லை, படம் முன்னால் பொய் சொல்ல வாய் வரவில்லை. சத்தமாச் சொன்னேன். அப்பா ஒண்ணும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூணாம் நாள் விடியற்காலை மம்பட்டி சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பார்த்தால், தனியாளா வரப்பை வெட்டித் தள்ளி வைத்துக்கிட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவும் ஒரு மம்பட்டியோடு வந்தார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. வெட்டினார்கள். வெயில் ஏறினதும் சித்தி ஒரே தூக்குப்போசியில் இரண்டு பேருக்கும் சேர்த்து கம்மங்கூழ் கொண்டு வந்துச்சு.

பட்டா என்பது நமக்குச் சாதகமாக இருக்கிற காகிதம் என்றுதான் அதுவரைக்கும் நினைச்சிருந்தேன். அது யாருக்கும் சாதகம் இல்லாத காகிதம் என்பதுதான் அதன் மதிப்பு என்று அன்னைக்குத்தான் புரிஞ்சுது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இதே மண்ணில் சங்கிலி பிடித்த ஆளுங்களும் மணியக்காரர் முன்னால், மிராசுதார் முன்னால், இப்படி வாய் தடுமாறி நின்றிருப்பார்கள்தானே?

நாளைக்கு நாமும் டிப்ளமா வாங்கிக்கொண்டு எங்காவது ஒரு வயலில், ஒரு சைட்டில், ஒரு ரோட்டு ஓரத்தில் டேப்பும் கையுமா நிற்கப் போகிறோம். அளவை ஓர் அடி கூட்டச் சொல்லியும் குறைக்கச் சொல்லியும் ஆள் வருவான். அப்போது எது சரியோ அதை எழுதுங்க. அடுத்த தடவை சென்னைக்குப் போனால் அந்தச் சேணம் இல்லாத குதிரையை ஒரு தடவை நின்று பாருங்க. பார்க்கும்போது மேலே இருக்கிற துரையோடு, நம்ம பக்கத்தில் இருந்து சங்கிலி தூக்கிக்கொண்டு போன அந்த நாலு பெயர் தெரியாத குமாஸ்தாக்களையும் நினைச்சுக்கோங்க.